அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு மனநல உதவி பள்ளி வழியாகவே கிடைக்குமா?

தமிழ்நாட்டில் கிடைக்கும். முதலில் வகுப்பாசிரியரிடம் பேசுங்கள். பிள்ளை மதியச் சாப்பாட்டைத் தொடாமல் மூடி வைப்பதும், கூட்டாளிகளை விட்டுக் கடைசி பெஞ்சுக்கு நகர்வதும் அவர் கண்ணில்தான் முதலில் படும். 'மாணவர் மனசு' பெட்டியும் உண்டு. வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படும் பிள்ளை எழுதிப் போடலாம். கல்வித்துறையின் 14417 எண்ணிலும் பேசலாம். சிகிச்சை தேவைப்பட்டால், மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் அரசு மருத்துவமனையில் கட்டணமில்லாமல் பார்ப்பார். ராத்திரி அவசரத்துக்கு டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416.

ஒன்று மட்டும் முக்கியம். பிள்ளை நம்பிச் சொன்னதை ஆசிரியர்கள் அறையில் பேச்சாக்கிவிடக் கூடாது. அப்புறம் அது வாயே திறக்காது. தலைமையாசிரியர் அறையை ஒட்டி ஆலோசனை அறை வைப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. உள்ளே போவதை எல்லோரும் பார்ப்பார்களே என்று பிள்ளைகள் தயங்குவார்கள்.