முட்டையை இலையில் விட்டுப்போகும் குளவி

அன்புள்ள ஐயா,

புழுவைத் தேடிப்போய் அதன் உடலுக்குள் முட்டையிடும் குளவிகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ட்ரிகோனாலிட் குளவி மட்டும் ஆயிரக்கணக்கான முட்டைகளை இலையிலேயே இட்டுவிட்டுப் பறந்துவிடும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். இத்தனை விரயம் செய்யும் பூச்சி எப்படிப் பிழைத்துக் கிடக்கிறது? ஒரு படமும் இணைத்திருக்கிறேன். இது அந்தக் குளவிதானா?

கே.

அன்புள்ள கே.,

விரயம்தான், அதுவும் நீங்கள் நினைப்பதைவிடப் பெரிய விரயம். பெண் குளவி இலையின் ஓரத்தில் நின்று, வயிற்று நுனியை வளைத்துக் கொடுத்து, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத முட்டைகளை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போகும். சில இனங்களில் ஒரே பெண் 10,000 முட்டைகளுக்கு மேல் இடும். அந்த இலையை ஒரு கம்பளிப்புழு தின்ன வேண்டும். அப்போதுதான் முட்டை அதன் குடலில் பொரியும். குஞ்சுப்புழு குடல் சுவரைத் துளைத்து உடலுக்குள் போகும். சரி, சாப்பாடு கிடைத்துவிட்டது என்று நினைப்பீர்கள். இல்லை. பெரும்பாலான இனங்களுக்குக் கம்பளிப்புழு வெறும் வண்டி மட்டுமே. அதே கம்பளிப்புழுவுக்குள், மற்றப் பூச்சிகளின் உடலில் ஒட்டுண்ணியாக வளரும் ஓர் இக்னியுமான் குளவியின் புழுவோ டாக்கினிட் ஈயின் புழுவோ ஏற்கெனவே இருக்க வேண்டும், அல்லது பிறகு வந்து சேர வேண்டும். அதற்குள் புகுந்த பிறகுதான் இது வளரும். யாரும் வராவிட்டால் வளராமலே சாகும்.

இன்னொரு வழியும் உண்டு, எனக்கு இதுதான் அதிகம் பிடிக்கும். காகிதக்கூடு கட்டும் குளவி ஒன்று அந்தக் கம்பளிப்புழுவைப் பிடித்து, மென்று உருட்டி, கூட்டில் இருக்கும் தன் புழுவுக்கு ஊட்டுகிறது. ட்ரிகோனாலிட்டையும் சேர்த்து ஊட்டிவிடுகிறது! கடைசியில் அந்த அறையிலிருந்து வெளியே வருவது வேறொரு குளவி.

இவ்வளவு தற்செயல்கள் வரிசையாக அமைய வேண்டும். அதனால்தான் அந்த எண்ணிக்கை. புழுவைத் தேடி அலையும் வேலையே தாய்க்கு இல்லை, இருக்கும் சத்து முழுவதும் முட்டைக்குப் போகிறது. முட்டாள்தனம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆஸ்திரேலியாவில் ஓர் இனம் ரம்ப ஈயின் (பெயரில்தான் ஈ, குளவிக்கு உறவான பூச்சி) புழுவையே நேராகத் தின்று வளர்கிறது, இடையில் இன்னொரு ஒட்டுண்ணி தேவையில்லை.

வகைப்பாட்டிலும் ட்ரிகோனாலிட்டை எங்கே வைப்பது என்று நெடுங்காலம் இழுபறி. ட்ரிகோனாலிஸ் என்ற பேரினத்துக்கு ஆங்கிலேயப் பூச்சியியலாளர் வெஸ்ட்வுட் பெயர் வைத்தது 1835இல். குடும்பத்தில் இன்றைக்கும் ஏறக்குறைய 100 இனங்கள்தான். பார்க்கக் கொட்டும் குளவி போலிருக்கும், வாழ்க்கையோ ஒட்டுண்ணியுடையது. இப்போது தனிப் பெருங்குடும்பமாகவே வைக்கிறார்கள். அண்மைய மரபணு ஆய்வுகள் சில, எறும்பு, தேனீ, கொட்டும் குளவிகள் சேர்ந்த கூட்டத்துக்குப் பக்கத்தில் இதைக் கொண்டுபோகின்றன.

அப்புறம், உங்கள் படம். உணர்கொம்பின் கணுக்களை எண்ணிப் பாருங்கள். காகிதக்கூட்டுக் குளவியில் பெண்ணுக்கு 12, ஆணுக்கு 13. ட்ரிகோனாலிட்டில் பெரும்பாலும் 20ஐத் தாண்டும். நான் பெரிதாக்கிப் பார்த்தவரை உங்களுடையதில் 12தான். முகத்தை நேரே எடுத்த படம் இருந்தால் அனுப்புங்கள், தாடையையும் பார்த்துவிடலாம். ட்ரிகோனாலிட் என்றால் இடது தாடையும் வலது தாடையும் ஒன்றுபோல் இருக்காது. வழக்கமாக இடதில் 3 பல், வலதில் 4.