பணிப்பாளர் மாறினால் பையனுக்கு ஏன் தூக்கம் போகிறது?

கேள்வி: அக்கா, என் தங்கையின் மகன் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கிறான். அங்கே விளையாட்டுக்குப் புதிய பணிப்பாளர் ஒருவரை நியமித்திருக்கிறார்களாம். "அவர் ஒருநாளும் விளையாடினவர் இல்லை, எங்கள் கம்பஸில் படித்தவரும் இல்லை, வெறும் காசுக் கணக்குப் பார்க்கிற மனுசன்" என்று இரவிரவாகப் போனில் கொதிக்கிறான். பழைய மாணவர்கள் நன்கொடையை நிறுத்தப் போகிறார்களாம். ஒரு அலுவலர் மாறியதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? தங்கை பயந்துபோய் இருக்கிறாள்.
- ஒரு பெரியம்மா, தெஹிவளை

பதில்: தங்கையைப் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். பையன் தன் கம்பஸை நேசிக்கிறான், அவ்வளவுதான். ஆனால் அவன் கோபப்படுகிற இடம் சரியில்லை என்பது என் எண்ணம்.

அந்தப் பதவி நாம் நினைக்கிற மாதிரிச் சின்னது இல்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அரங்கில் 107,601 பேர் இருந்து பார்க்கலாம். நம் கொழும்புக் கெத்தாராமை கிரிக்கெட் மைதானத்தைப் போல மூன்று மைதானம். பெரிய பல்கலைக்கழகங்களில் கால்பந்தின் டிக்கெட் காசும் தொலைக்காட்சிக் காசும்தான் நீச்சல், மல்யுத்தம், ஓட்டம், பாய்ச்சல் என்று வருமானமே இல்லாத மற்ற விளையாட்டுகளைத் தாங்குகின்றன. 2025இல் வந்த ஒரு நீதிமன்றத் தீர்வுக்குப் பிறகு பல்கலைக்கழகமே வீரர்களுக்கு நேரடியாகக் காசு கொடுக்கலாம். முதல் வருட உச்சவரம்பு ஒரு பல்கலைக்கழகத்துக்குச் சுமார் 2 கோடி 5 லட்சம் டொலர். இவ்வளவு காசு புழங்குகிற இடத்துக்குக் கணக்குத் தெரிந்த ஆளைத் தேடுவதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் 2023இல் தன் கால்பந்துப் பயிற்றுவிப்பாளரை இடையில் நிறுத்தியபோது, ஒப்பந்தப்படி 7 கோடி 50 லட்சம் டொலருக்கும் மேல் அவருக்குக் கொடுக்க வேண்டி வந்தது.

பயிற்றுவிப்பாளரைத் தெரிவு செய்வது பணிப்பாளர். அந்த ஒரு வேலையை வைத்துத்தான் அவரை அளக்க வேண்டும், அதுவும் பல வருடம் பொறுத்து. லொஸ் ஏஞ்சலிஸில் இருக்கும் யூ.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தில் வில்பர் ஜோன்ஸ் பணிப்பாளராக இருந்தபோது, 1948இல் ஜோன் வூடன் என்பவரைக் கூடைப்பந்துக்குக் கொண்டுவந்தார்கள். முதல் தேசியக் கிண்ணம் 1964இல்தான் வந்தது. அதற்குள் ஜோன்ஸ் பதவியிலிருந்தே போய்விட்டார். அந்த முதல் கிண்ணத்திலிருந்து 1975 வரை வூடன் வென்றது பத்துக் கிண்ணம்.

ஜோன்ஸ் அந்தக் கதிரையில் இருந்த காலத்தில் அதே யூ.சி.எல்.ஏ.யில் படித்து, அதற்காக உயரம் பாய்ந்தவர் நம் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் பாய்ந்து, இலங்கைக்கு முதல் ஆசியத் தங்கத்தைக் கொண்டுவந்தவர். உயரம் பாய்தலைப் பார்க்க டிக்கெட் வாங்கிக்கொண்டு யார் வருவார்கள்? அப்படியும் யாழ்ப்பாணத்துப் பையன் ஒருவனுக்கு அங்கே ஓடிவந்து பாய ஒரு தடம் இருந்தது. உங்கள் பையன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: வருமானம் இல்லாத விளையாட்டுகளை இந்தப் புது மனுசன் என்ன செய்யப் போகிறார்?

எனக்கு இது சொந்தக் கதையும்தான். எண்பதுகளின் தொடக்கத்தில் நானும் கம்பஸில் உயரம் பாய்ந்தவள். விழுவது மணலில். மழை பெய்தால் அது கல்லுப்போல இறுகிவிடும், முழங்கை எப்போதும் உரிந்தே இருக்கும். மெத்தை இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் சாமான் அறை பூட்டியே கிடக்கும், சாவி யாரிடம் என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். அப்போது விளையாட்டுக்குப் பொறுப்பாகக் கணக்குப் பிரிவிலிருந்து ஒருவரைப் போட்டார்கள். சப்பாத்துக்கூட ஒழுங்காகப் போடத் தெரியாத மனுசன் என்று சொல்லி, நாங்கள் இரண்டு கிழமை பயிற்சிக்குப் போகவில்லை.

அவர் எங்களைக் கூப்பிட்டுப் பேசவில்லை. பூட்டை உடைத்தார். கோடு போட்ட ஒரு கொப்பியோடு தரையில் இருந்து, ஈட்டி எத்தனை, குண்டு எத்தனை, கறையான் தின்ற தடைச் சட்டம் எத்தனை என்று ஒவ்வொன்றாக எழுதினார். மெத்தையை எலி பாதி தின்றிருந்தது. புறக்கோட்டையில் ஸ்பொஞ்சும் கன்வஸும் வாங்கித் தைப்பித்து, லொறியில் ஏற்றி அவரே கொண்டுவந்து இறக்கினார். அந்தப் புதுக் கன்வஸ் மணம் இன்னும் எனக்கு மூக்கில் இருக்கிறது. பயப்படாமல் முதுகுப்பக்கமாக விழலாம் என்று அன்றைக்குத்தான் கண்டேன். அந்த வருடம் 1.45 தாண்டினேன். நாங்கள் அவரிடம் போய் மன்னிப்புக் கேட்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

நன்கொடையை நிறுத்துவது பற்றி: அதில் முதலில் அடி விழுவது சின்ன விளையாட்டுகளுக்கு. ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகம் 2020இல் தன் 36 விளையாட்டுகளில் 11ஐ நிறுத்தப் போவதாக அறிவித்தது. வீரர்களும் பழைய மாணவர்களும் விடவில்லை. காசு சேர்த்தார்கள், வழக்குப் போட்டார்கள், கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார்கள். 2021 மே மாதம் பல்கலைக்கழகம் முடிவை மாற்றிக்கொண்டது. பையன் இரவில் விழித்திருப்பது என்றால் அப்படியொரு கடிதம் எழுதட்டும். பெரியம்மா சொன்னதாகச் சொல்லுங்கள், கேட்பான்.

கேள்வி: நம் பல்கலைக்கழகங்களிலும் இப்படிப் பணிப்பாளர் உண்டா? இருந்தால் அவரைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை?
- பழைய மாணவன், பம்பலப்பிட்டி

பதில்: உண்டு, தம்பி. உடற்கல்விப் பிரிவு இருக்கிறது, அதற்குப் பொறுப்பானவரும் இருக்கிறார். நம் ஊரில் அந்தப் பாசமெல்லாம் பள்ளிக்கூடத்தோடு முடிந்துவிடுகிறது. றோயல் - தோமஸ் கல்லூரிகளின் கிரிக்கெட் போட்டி 1879இல் தொடங்கியது, இன்றைக்கும் மார்ச் வந்தால் கொழும்பு எஸ்.எஸ்.சி. மைதானத்தில் பப்பரே வாத்தியச் சத்தம் காதைப் பிளக்கும். யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரியும் சென். ஜோன்ஸும் மோதுகிற வடக்கின் பெரும் போருக்கு வெள்ளவத்தையிலிருந்து இரவு பஸ் பிடித்துப் போகிறவர்களை எனக்குத் தெரியும். அதே ஆட்களிடம் தங்கள் கம்பஸ் கூடைப்பந்து அணியின் தலைவர் யார் என்று கேட்டுப் பாருங்கள்.

போன வருடம் ரேஸ்கோர்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும் கொழும்புப் பல்கலைக்கழக மைதானத்தில் ஒரு பின்னேரம் நின்றேன். ஒரு பிள்ளை உயரம் பாய்ந்துகொண்டிருந்தாள். பார்க்க நின்றது நானும், அவளுடைய பையைப் பிடித்துக்கொண்டிருந்த சிநேகிதியும்தான். கம்பி விழாமல் தாண்டியதும் நான் கைதட்டினேன். அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு, கம்பியை இன்னும் இரண்டு சென்ரிமீற்றர் உயர்த்தச் சொன்னாள்.