அச்சடித்த துணியில் சூப்பர் ஹீரோ உடை: முதல் முழங்காலிலேயே தோற்ற கதை

கேள்வி: மகனுடைய பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டியில் விநோத உடை இருக்கிறது. டிசைனை நாமே வரைந்து, துணியில் அச்சடித்து, வீட்டு மெஷினில் சூப்பர் ஹீரோ உடை தைக்க முடியுமா? நாங்கள் இருப்பது மலையகத்தில்.

முடியும். நான் ஹட்டன் பக்கம். 9 வருடம் கார்மென்ட் ஃபேக்டரியில் ஓவர்லாக் (துணி ஓரத்தைப் பின்னித் தைக்கும் மெஷின்) போட்டேன், இப்போது வீட்டில் தைக்கிறேன். அப்படி இருந்தும் முதல் உடையைக் கெடுத்துவிட்டேன். அதனால் கெட்ட இடத்திலிருந்தே சொல்கிறேன்.

என் மகனுக்கு அப்போது 11 வயது. படத்தில் வருகிற ஹீரோ எதுவும் வேண்டாமாம், சொந்தமாக ஒரு ஹீரோ வேண்டுமாம். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் கம்பிச் சுருக்கில் மாட்டிப் பிறகு செத்துப்போன கறுப்புச் சிறுத்தை அவன் மனதை விட்டுப் போகவே இல்லை. தோட்டத்தில் நாங்கள் சிறுத்தையைப் புலி என்றுதான் சொல்வோம், இலங்கைக் காட்டில் வேறு புலி ஏது? ஆனால் "கரும்புலி" என்று ஒரு பிள்ளையின் நெஞ்சில் எழுதி மைதானத்துக்கு அனுப்ப முடியாது, அது போர்க்காலத்துத் தற்கொலைப் படையின் பெயர். கருஞ்சிறுத்தை என்று வைத்தோம்.

கறுப்புச் சிறுத்தைக்கும் புள்ளி உண்டு. வெயில் சரிவாக விழும்போது கறுப்புக்குள் கறுப்பாகத் தெரியும். அதைத் துணியில் கொண்டுவர வேண்டும் என்றான். சும்மா கறுப்புத் துணி வாங்கித் தைத்திருந்தால் இந்தப் பதிலுக்கே வேலையில்லை.

அச்சடிக்க கொழும்புக்கு ஓட வேண்டாம். கிரிக்கெட் ஜெர்சி அச்சடிக்கும் கடைகள் பெரும்பாலும் செய்வது சப்ளிமேஷன்தான், நமக்கும் அதுவே போதும். படத்தை முதலில் தாளில் அடித்து, துணிமேல் வைத்து, ஏறத்தாழ 200 பாகை சூட்டில் ஒரு நிமிடத்துக்கும் குறைவாக அழுத்துவார்கள். மை ஆவியாகி மேல்முகத்து நூலுக்குள் போய்விடும், கழுவினாலும் உரியாது. பருத்தியில் இந்த மை நிற்காது, பொலியெஸ்டர் வேண்டும். கடையில் இருக்கும் ஜெர்சித் துணி அவ்வளவாக இழுபடாது என்பதால், பொலியெஸ்டரும் லைக்ராவும் கலந்த, நாலு பக்கமும் இழுபடுகிற வெள்ளைத் துணியை நீங்களே கொண்டுபோங்கள். நீச்சல் உடைத் துணி என்று விற்பதில் பல நைலோன் கலப்பு, அதில் நிறம் வெளுப்பாக விழும். கடைக்காரருக்கே சில நேரம் வித்தியாசம் தெரியாது. ஒரு துண்டு வெட்டி அடித்துப் பார்த்துவிட்டு மீட்டர் கணக்கில் வாங்குங்கள்.

இனி நான் விழுந்த குழி. இந்த மை துணியின் மேல்முகத்தில்தான் ஏறும், உள்ளே நூல் வெள்ளையாகவே இருக்கும். இறுக்கமாக இருந்தால்தான் ஹீரோ மாதிரி இருக்கும் என்று உடம்பளவில் 15 சதவீதம் குறைத்து வெட்டினேன். தைத்து, போட்டு, நின்றபோது அருமையாக இருந்தது. "சரி, குந்து பார்ப்போம்" என்றேன். குந்தினான். இரண்டு முழங்காலிலும் கறுப்பு விரிந்து, உள்ளே இருந்த வெள்ளை எட்டிப் பார்த்தது. சாம்பல் பூசின மாதிரி இரண்டு வட்டம். பின்பக்கத்தைச் சொல்லவே வேண்டாம்.

"அம்மா, சிறுத்தைக்கு நரை வந்திருச்சு" என்றான்.

வெளிர் நிறத்தில் இது அவ்வளவாகத் தெரியாது. கறுப்பு, கடும் நீலம், கடும் சிவப்பில் கண்ணைக் குத்தும். அதனால் டிசைன் போடும்போதே எங்கே மடங்கும், எங்கே இழுபடும் என்று பிரித்துவிடுங்கள். நெஞ்சு, முதுகு, மேல்கை, தொடையின் முன்பக்கம் ஆகியவற்றுக்கு அச்சடித்த துணி. முழங்கால், முழங்கை, அக்குள், கவட்டை, உட்காரும் இடம் ஆகியவற்றுக்குக் கடையில் வாங்கிய, நூலோடு சாயம் ஏறிய கறுப்பு லைக்ரா. இரண்டும் சேரும் கோட்டை மறைக்கப் பார்க்காமல் தசைக் கோடு மாதிரி வளைத்துவிட்டால் அது டிசைனாகவே மாறிவிடும். இரண்டாவது உடையை இப்படித்தான் தைத்தேன், சுற்றளவிலும் 8 சதவீதத்துக்கு மேல் குறைக்கவில்லை. உயரத்தில் குறைக்கவே இல்லை.

நிறத்திலும் ஏமாந்தேன். திரையில் அடிநிறம் கடும் சாம்பல், புள்ளி கறுப்பு என்று மெல்லிய வித்தியாசத்தில் போட்டேன். துணியில் எல்லாம் ஒரே இருட்டு. 12 கட்டம் வரைந்து, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு சாம்பல் வைத்து, பக்கத்தில் எண் எழுதி, ஒரு சின்னத் துண்டில் அடித்து வாங்கினேன். திரையில் "இது ரொம்ப வெளுப்பு" என்று நான் ஒதுக்கிய 9ஆம் எண்தான் துணியில் சரியாக வந்தது. சூடு வைக்கும் முன் தாளில் தெரியும் மங்கல் நிறத்தைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள், அழுத்திய பிறகுதான் அது உயிர் பெறும்.

அதே துண்டில் 20 சென்ரிமீட்டர் சதுரம் ஒன்றும் போடுங்கள். எனக்குத் திரும்பி வந்தபோது 19.6 இருந்தது. சூட்டில் துணி 2 சதவீதம் சுருங்கியிருக்கிறது என்று அர்த்தம். கணினியில் இருந்த டிசைன் கோப்பை அந்த அளவு பெரிதாக்கிக் கொடுத்தேன்.

அளவெடுக்க இஞ்ச் டேப் மட்டும் போதாது. பழைய டீசேர்ட் ஒன்றைப் போடவைத்து, உடம்பு முழுக்க மாஸ்கிங் டேப்பை இறுக்காமல் சுற்றி, பேனாவால் தையல் கோடுகளை உடம்பிலேயே வரைந்து, முதுகுப் பக்கம் கத்தரியால் பார்த்து வெட்டிக் கழற்றுங்கள். கோட்டோடு கோடாகத் துண்டு போட்டால் அதுவே பட்டர்ன். விளையாட்டுப் போட்டி வருட ஆரம்பத்தில்தானே வருகிறது, நுவரெலியாப் பக்கம் புல்லில் உறைபனி கிடக்கும் காலம். உள்ளே தடித்த பெனியன் போடப்போகிறான் என்றால் அதையும் போட்டபடி அளவெடுங்கள். இணையத்தில் விற்கும் பெரியவர்களின் டிசைன் கோப்பைச் சுருக்கி அடித்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது, பிள்ளைக்கு உடம்போடு பார்த்தால் தலை பெரிது, கால் குட்டை. நெஞ்சுச் சின்னம் வயிற்றுக்கு இறங்கிவிடும்.

பட்டர்ன் துண்டுகளைத் தரையில் அடிமட்டத்தோடு பரப்பி, நேர் மேலிருந்து போட்டோ எடுத்து, இங்க்ஸ்கேப்பில் உண்மை அளவுக்குக் கொண்டுவந்து வரைந்தேன். படம் வரையும் அந்த மென்பொருள் இலவசம். துணிக்கு ஒரு அங்குலத்துக்கு 150 அச்சுப் புள்ளி (பிக்சல்) போதும். 60 சென்ரிமீட்டர் நீளத் துண்டு என்றால் ஏறத்தாழ 3,500 பிக்சல், சாதாரணக் கணினியே தாங்கும். வெட்டும் கோட்டுக்கு வெளியே 2 சென்ரிமீட்டர் படத்தை நீட்டி விடுங்கள், இல்லையென்றால் தையலில் வெள்ளை ஓரம் தெரியும். 58 அங்குல அகலத் துணியில் என் மகனுக்கு 2 மீட்டர் சரியாக இருந்தது. விலையை எழுதவில்லை, இன்று எழுதினால் அடுத்த மாதம் பொய்யாகிவிடும். ஆனால் துணியைவிட அச்சுக்குத்தான் காசு அதிகம் போகும்.

தையலில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: ஊசி. சாதாரண ஊசி லைக்ராவில் தையலைத் தவறவிடும், நூலையும் அறுக்கும். ஸ்ட்ரெச் ஊசி, 75/11 கேளுங்கள். ஒடுக்கமான சிக்சாக் போடுங்கள். நேர்தையல் மட்டும் போடும் கறுப்புக் கால்மெஷின்தான் இருக்கிறது என்றால், முன்னும் பின்னும் துணியை லேசாக இழுத்துப் பிடித்தபடி தையுங்கள். தைத்ததும் இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். "டக்" என்று சத்தம் கேட்டால் பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டும்.

ஒரே துண்டாக, முதுகில் சிப் வைத்துத் தைக்கத்தான் எல்லோருக்கும் ஆசை வரும். எனக்கும் வந்தது. ஒத்திகை அன்று பாடசாலைக் கழிவறையில் இவனுடைய சிப்பைத் திறக்க இரண்டு நண்பர்கள் உள்ளே போக வேண்டியிருந்ததாம். இரண்டாவது உடை மேல்சட்டை தனி, காற்சட்டை தனி. நடுவை ஒரு அகலப் பட்டி மறைத்துவிட்டது. முகமூடியில் மூக்கும் வாயும் திறந்திருக்கட்டும், மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டுமே. காதுக்குப் பழைய ரப்பர் செருப்பின் அடியைச் சீவி, துணி சுற்றினேன்.

சுருக்கம் எடுக்க நேராக ஸ்திரிக்கைப் பெட்டியை வைக்காதீர்கள். குறைந்த சூட்டில், மேலே ஒரு துணி போட்டு. பச்சைத் தண்ணீரில் கழுவி, உட்பக்கத்தைத் திருப்பி நிழலில் காயவையுங்கள். மழை நாளில் நாம் எல்லாவற்றையும் அடுப்புக்கு மேலே கட்டிய கொடியில்தானே போடுவோம், இதை மட்டும் போடாதீர்கள். விறகிலிருந்து ஒரு பொறி பறந்து வாலில் பட்டு, சிவனொளிபாதமலை முக்கோணம் மாதிரி ஒரு ஓட்டை. அதற்குள் ஒரு துண்டுக் கறுப்பு லைக்ராவை வைத்துத் தைத்திருக்கிறேன், இன்னும் இருக்கிறது.