தொல்காப்பியப் பூங்காவில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

கேள்வி: சென்னை அடையாறு தொல்காப்பியப் பூங்காவுக்குக் குழந்தைகளை அழைத்துச் செல்லலாமா? விலங்குகளே இல்லை என்கிறார்களே, அங்கே பார்ப்பதற்கு என்னதான் இருக்கிறது?

தாராளமாக அழைத்துச் செல்லலாம். ஆனால் 'பூங்கா' என்றதும் ஊஞ்சலும் சறுக்குமரமும் உங்கள் நினைவுக்கு வருமானால், அந்த நினைப்பை வாசலிலேயே விட்டுவிட்டுப் போவது நல்லது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜனவரி மாலையில், எட்டு வயதான என் அக்கா மகளுடன் நான் அங்கே சென்றபோது இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. "மாமா, கூண்டெல்லாம் எங்க இருக்கு?" என்று முதல் அரை மணி நேரத்தில் அவள் நான்கு முறையாவது கேட்டிருப்பாள். கூண்டே கிடையாது என்று தெரிந்ததும் அவள் முகம் போன போக்கை இப்போதும் மறக்க முடியவில்லை.

அது என்ன இடம் என்பதைச் சொன்னால்தான் அங்கே என்ன பார்க்க வேண்டும் என்பது விளங்கும். அடையாறு கடலில் கலக்கும் இடத்துக்குச் சற்று முன்னால், குயிபிள் தீவு என்னும் பகுதியை லாடம்போல வளைத்துக்கொண்டு ஓர் உப்பங்கழி பிரிந்து செல்கிறது. கடல் ஏற்றத்தின்போது உப்புநீரும் மழைக்காலத்தில் நன்னீரும் மாறி மாறி வந்து போக வேண்டிய அந்தக் கழி, பல ஆண்டுகளாகக் கட்டட இடிபாடுகளையும் குப்பையையும் சாக்கடை நீரையும் கொட்டும் இடமாகக் கிடந்தது. மிஞ்சிய நிலத்தைச் சீமைக் கருவேலம் பிடித்துக்கொண்டது. அதில் 58 ஏக்கரைத் தூர்வாரி, முள்மரங்களை அகற்றி, தண்ணீர் மீண்டும் வந்து போக வழிசெய்து, 170-க்கும் மேற்பட்ட உள்ளூர் இனங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 90,000 கன்றுகளை நட்டு உருவாக்கியதே இந்தப் பூங்கா. 2011 ஜனவரியில் திறக்கப்பட்டது. பராமரிப்பு, இப்போது சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை எனப்படும் அரசு அமைப்பின் பொறுப்பு. ஆக, நீங்கள் அங்கே பார்ப்பது காட்சிக்காக அடைத்துவைத்த உயிர்களை அல்ல. இடம் சரியானதும் தாமாகத் திரும்பி வந்தவற்றை.

அப்படி வந்தவை பெரும்பாலும் சிறியவை. எங்கள் பயணத்தில் திருப்பம் வந்தது ஒரு மரப்பாலத்தின் மேல்தான். எங்கள் குழுவுக்கு வழிகாட்டியாக வந்த பெண்மணி எல்லோரையும் நிறுத்தி, இரண்டு நிமிடம் யாரும் அசையவோ பேசவோ கூடாது என்று சொல்லிவிட்டார். கீழே வெறும் கருஞ்சேறு. அதில் விரல் நுழையும் அளவுக்குச் சில துளைகள். ஒரு நிமிடம் கழிந்ததும் ஒரு துளையிலிருந்து நண்டொன்று எட்டிப் பார்த்தது, பிறகு இன்னொன்று, பிறகு சேறு முழுக்க நண்டுகள். ஆண் நண்டுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடம்பளவுக்குப் பெரியது. அதை அது மேலே தூக்கி, யாரையோ கூப்பிடுவதுபோல ஆட்டிக்கொண்டே, மற்ற சிறிய கொடுக்கால் சேற்றைக் கிள்ளிக் கிள்ளி வாயில் வைத்து, அதிலுள்ள உணவை மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை மிளகளவு உருண்டைகளாகத் துப்பிக்கொண்டிருந்தது. பெண் நண்டுக்கு இரண்டும் சிறிய கொடுக்குகள்தாம். ஆகவே அது இரு கையாலும் வேகமாகச் சாப்பிடுகிறது. "அப்போ பெரிய கை வச்சிருக்கறதுக்குச் சாப்பாடு லேட்டாதான் கிடைக்குமா மாமா?" என்று என் காதோரம் கிசுகிசுத்தவள், அதன்பின் கூண்டைப் பற்றிக் கேட்கவே இல்லை.

நண்டுக்கு அலவன் என்றொரு பழைய பெயர் உண்டு. நெய்தல் நிலத்துப் பெண்கள் கரையில் அலவனைத் துரத்தி விளையாடுவது சங்கப் பாடல்களில் திரும்பத் திரும்ப வரும் காட்சி. பூங்காவுக்குப் பெயர் சூட்டியவர்கள் இதையெல்லாம் நினைத்துத்தான் சூட்டினார்களோ என்னவோ, கடற்கரை நிலத்தைப் 'பெருமணல் உலகம்' என்று வகுத்துச் சொன்ன தொல்காப்பியத்தின் பெயர் இந்த உப்பங்கழிக்கு நன்றாகவே பொருந்துகிறது.

பறவைகளை நான் விரித்துச் சொல்லப் போவதில்லை. நீர்க்காகமும் மீன்கொத்தியும் நாரையும் எப்படியும் கண்ணில் படும். மடையானை மட்டும் தவறவிடாதீர்கள். கரையோரக் கல்லோடு கல்லாகப் பழுப்பாகக் குந்தியிருக்கும் அது, எழுந்து பறக்கும் கணத்தில் சிறகெல்லாம் வெள்ளை வெளேரென்று மாறிவிடும். அதை முதன்முதலாகக் கவனிக்கும் குழந்தையின் முகத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

மரங்களுக்குச் சற்றுப் பொறுமை வேண்டும். நட்டவற்றில் பல, சோழமண்டலக் கடற்கரை ஓரமாகக் குறுகிய பட்டையாக மட்டும் இருந்து, இன்று பெரும்பாலும் கோயில் காடுகளில் எஞ்சியிருக்கும் உலர் பசுமைமாறாக் காட்டைச் சேர்ந்தவை. வடகிழக்குப் பருவமழையின் சில வாரங்களில் கிடைக்கும் நீரைக் கொண்டே ஆண்டு முழுவதையும் ஓட்ட வேண்டியிருப்பதால், அவற்றின் இலைகள் சிறியவையாக, தோல்போலத் தடித்து, பளபளப்பாக இருக்கும். அலங்காரச் செடிகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது வெறும் புதராகத்தான் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. கீழே உதிர்ந்து கிடந்த ஓர் இலையை எடுத்து மடித்துப் பார்த்தபோதுதான் அதன் கெட்டித்தனம் புரிந்தது.

குறையும் உண்டு. காற்று ஆற்றுப் பக்கமிருந்து வீசும்போது சாக்கடை நாற்றம் வரத்தான் செய்கிறது. பூங்காவைச் சீராக்கிவிட்டாலும் மேலே 40 கிலோமீட்டர் நீளத்துக்கு ஆறு வாங்கிவரும் கழிவை இந்த 58 ஏக்கரால் என்ன செய்துவிட முடியும்? கோடையில் முகத்துவாரத்தை மணல் திட்டு அடைத்துவிட்டால் கடல் நீர் உள்ளே வருவது குறைந்து நிலைமை இன்னும் மோசமாகும். அதனால், மழைக்காலம் முடிந்து வலசைப் பறவைகளும் இருக்கும் டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரையே போவதற்கு ஏற்ற காலம் என்பேன்.

நாங்கள் சென்றபோது முன்பதிவு செய்து, குழுவாக வழிகாட்டியுடன்தான் போக முடிந்தது. இந்தக் கெடுபிடி பலருக்குப் பிடிக்கவில்லை; நூறு பேர் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டு அந்த மரப்பாலத்தில் ஏறினால் ஒரு நண்டுகூட வெளியே வராது என்பதால் எனக்கு அது நியாயமாகவே பட்டது. முழுக்கைச் சட்டையும் கொசுவுக்கு ஏதாவது களிம்பும் அவசியம். எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். தொலைநோக்கி ஒன்று இரவல் கிடைத்தாலும் போதும். அது இல்லையென்றால் நண்டுகள் இருக்கும் இடத்திலேயே கூடுதலாகப் பத்து நிமிடம் நின்றுவிடுங்கள்.