திருப்பூருக்குக் குடும்பத்தோடு வரலாமா? கேள்வி பதில்

திருப்பூர் பனியன் கம்பெனி வேலையை நம்பி ஊரை விட்டுக் குடும்பத்தோடு வர நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. நான் டைலராக ஆரம்பித்து, லைன் சூப்பர்வைசராகி, இப்போது ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கிறேன். அந்த வேலையில் பார்த்ததை வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

சாத்தூர்: பட்டாசு வேலை சரியாக இல்லை. நான், மனைவி, ஏழாவதும் மூன்றாவதும் படிக்கும் இரண்டு பிள்ளைகள். ஒரு ஏஜென்ட் இரண்டு பேருக்கும் வேலை, வீடு எல்லாம் ரெடி என்கிறார். 20,000 முன்பணமும் தருகிறாராம். அடுத்த வாரமே கிளம்பலாமா?

கிளம்ப வேண்டாம் தம்பி. அந்த முன்பணத்தை வாங்கவே வாங்காதீர்கள். கையில் வாங்கிவிட்டால் கம்பெனி சரியில்லை என்று தெரிந்தாலும் வெளியே வர முடியாது. வீடும் அவர் கொடுத்தது என்றால், வேலையை விடுகிற அன்றே வீட்டையும் விட வேண்டியிருக்கும், அப்போது பிள்ளைகளோடு எங்கே போய் நிற்பீர்கள்?

முதலில் ஒருவர் மட்டும் வாருங்கள். இங்கே வேலை தேட ஏஜென்ட் தேவையில்லை. பி.என். ரோடு, அவினாசி ரோடு, பல்லடம் ரோடு, மங்கலம் ரோடு என்று எந்தப் பக்கம் போனாலும் கம்பெனி கேட்டிலும் கரண்ட் கம்பத்திலும் 'டைலர் தேவை, செக்கிங் தேவை, அயர்ன் மாஸ்டர் தேவை' என்று எழுதித் தொங்கும். காலை எட்டரைக்கு முன்னால் கேட்டில் போய் நின்றால் உள்ளே கூப்பிட்டு மெஷினில் உட்கார வைத்துப் பார்ப்பார்கள். தைக்கத் தெரிந்தால் பெரும்பாலும் அன்றே வேலை. இங்கே சம்பளம் பெரும்பாலும் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை, அதனால் மூன்று சனிக்கிழமை சம்பளத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். சொன்ன தொகை வந்ததா, வாரம் முழுக்க வேலை இருந்ததா, ஒரு வாரச் சம்பளத்தைப் பிடித்து வைத்தார்களா என்பதெல்லாம் அதற்குள் தெரிந்துவிடும். இந்த மூன்று சனிக்கிழமை முடியாமல் பிள்ளைகளின் டி.சி. வாங்காதீர்கள், ஊர் வீட்டைக் காலி செய்யாதீர்கள்.

வீட்டையும் அந்த மூன்று வாரத்திலேயே பாருங்கள். வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் வாடகையை மட்டும் கேட்டால் போதாது. அட்வான்ஸ் எவ்வளவு, கரண்டுக்கு யூனிட் என்ன போடுகிறார்கள், குடிதண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு தடவை வருகிறது, பாத்ரூம் எத்தனை குடும்பத்துக்குப் பொது என்று கேளுங்கள். தண்ணீர் விஷயத்தை மட்டும் வீட்டுக்காரரிடம் கேட்காமல் பக்கத்து வீட்டு அக்காவிடம் கேளுங்கள்.

திண்டுக்கல்: டைலருக்கு ஒரு நாளைக்கு 750 என்கிறார்கள். நல்ல சம்பளமா?

எத்தனை மணி நேரத்துக்கு? இங்கே எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட். ஆனால் பல கம்பெனிகளில் வாடிக்கையாக ஓடுவது ஒன்றரை ஷிப்ட், காலை எட்டரைக்கு உள்ளே போனால் ராத்திரி எட்டரை, ஒன்பதுக்குத்தான் வெளியே வருவீர்கள். 750 என்பது ஒன்றரை ஷிப்ட்டுக்கு என்றால் ஒரு ஷிப்ட் 500தான். ஆர்டர் குறைந்து ஒரு ஷிப்ட் மட்டும் ஓடும் வாரத்திலும் வாடகை அதே வாடகைதான். அதனால் குடும்பக் கணக்கை எப்போதும் ஒரு ஷிப்ட் சம்பளத்தில் போடுங்கள். தைக்கும் உருப்படிக்கு இவ்வளவு என்ற பீஸ் ரேட் என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஸ்டைல் மாறும்போதெல்லாம் ரேட்டும் மாறும், வேகம் பிடிக்கும்வரை கையில் வருவது குறைவாகத்தான் இருக்கும்.

பெரியகுளம்: பாதி வருஷத்தில் வந்தால் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பார்களா?

அரசுப் பள்ளியில் சேர்ப்பார்கள். எட்டாம் வகுப்பு வரை டி.சி. வர தாமதமாகிறது என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. பள்ளிப் பதிவில் பிள்ளைக்கு இருக்கும் எமிஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு வாருங்கள், பழைய பள்ளியில் பெயரை விடுவித்தால்தான் இங்கே ஏற்ற முடியும். பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளை என்றால் பரீட்சை முடியும்வரை அசைக்காதீர்கள். உறவினர் வீட்டிலாவது விட்டுவிட்டு வாருங்கள்.

ஓசூர்: கோயம்புத்தூரில் ஐ.டி. வேலை பற்றி?

என் துறை இல்லை. அங்கே வேலை செய்பவர்களிடம் கேளுங்கள்.

மணப்பாறை: ரேஷன் கார்டு?

தமிழ்நாட்டுக் கார்டுக்கு இங்குள்ள கடையிலும் கைரேகை வைத்துப் பொருள் வாங்கலாம். நிலையாகத் தங்குவது உறுதியான பிறகு முகவரியை மாற்றினால் போதும்.

பரமக்குடி: நான் வீட்டில் பிளவுஸ் தைக்கிறேன். கணவர் கொத்தனார், ஊரில் அவருக்கு ஓரளவு வேலை இருக்கிறது. எல்லோரும் ஆம்பளைதான் முதலில் போக வேண்டும் என்கிறார்கள். ஏன்?

நீங்கள் முதலில் வாருங்கள் சகோதரி. யாருடைய கைவேலையை இந்த ஊர் தேடுகிறதோ அவர்தான் முதலில் வர வேண்டும். பிளவுஸ் தைத்த கைக்கு பவர் மெஷின் ஆரம்பத்தில் பறக்கிற மாதிரி இருக்கும், பழகிவிடும். அதற்கு மேல் பனியன் தைக்கும் ஓவர்லாக், பேட்லாக் (ஃபிளாட்லாக்) மெஷின்களையும் கற்றுக்கொண்டால் வேலைக்கு அலைய வேண்டியதே இல்லை. கம்பெனி ஹாஸ்டலில் தங்குவதானால் ஞாயிற்றுக்கிழமை வெளியே போக விடுவார்களா, போன் கையில் இருக்குமா என்று முதல் நாளே கேளுங்கள். இல்லை என்றால் அங்கே தங்கவே வேண்டாம். மூன்று வருஷம் இருந்தால் மொத்தமாகப் பணம் என்று சொல்லும் மில் பக்கமும் போக வேண்டாம்.

உசிலம்பட்டி: மேலே உள்ள பதில் தவறு. பெண்ணைத் தனியாக அனுப்பச் சொல்கிறீர்கள். பிள்ளைகளை யார் பார்ப்பது?

அப்பா பார்க்கட்டும் அண்ணா. மூன்று வாரம்தானே. ஆண் முதலில் வந்தால் அதே மூன்று வாரம் அம்மா தனியாகப் பார்க்கிறாரே, அப்போது யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. கொத்தனார் வேலையை விட்டுவிட்டு அவர் இங்கே ஹெல்பராக நின்றால் வீட்டுக்கு என்ன மிஞ்சும்?

வேடசந்தூர்: நான் அப்படி முதலில் வந்தவள். வேலை உடனே கிடைத்தது. வீடுதான் கிடைக்கவில்லை, போன இடமெல்லாம் வீட்டுக்காரர் எங்கே என்றார்கள்.

உண்மை. இதை நான் மேலேயே சொல்லியிருக்க வேண்டும். தனியாக வரும் பெண்ணுக்கு வீடு தர யோசிக்கிறார்கள், சாதி கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். இது அநியாயம், மாற வேண்டும். பரமக்குடி சகோதரி, நீங்கள் ஹாஸ்டலில் இருந்துகொண்டு, மூன்றாவது ஞாயிறு கணவரை வரவழைத்து இரண்டு பேருமாக வீடு பாருங்கள்.

உசிலம்பட்டி: ராத்திரி ஒன்பது மணிக்கு வேலை விட்டால் ஒரு பெண் எப்படித் திரும்புவது? அதற்கும் பதில் சொல்லுங்கள்.

சரியான கேள்வி. கம்பெனி வேன் இருக்கிறதா, எதுவரை கொண்டுவந்து விடும் என்று கேட்டுவிட்டுத்தான் சேர வேண்டும். மெயின் ரோட்டில் இறக்கிவிட்டு ஒரு கிலோமீட்டர் இருட்டில் நடக்க வேண்டும் என்றால் அந்த வேலை வேண்டாம். ஒரு ஷிப்ட் மட்டும் செய்கிறேன் என்று சொல்லிச் சேரவும் முடியும், சில கம்பெனிகள் ஒத்துக்கொள்ளும். ஆனால் இதற்காக அந்தச் சகோதரி வரவே கூடாது என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். செக்கிங் டேபிளில் போய்ப் பாருங்கள், பெரும்பாலும் பெண்கள்தான். எத்தனையோ குடும்பங்களின் வாடகையும் பள்ளிக் கட்டணமும் அவர்கள் சனிக்கிழமை வாங்குகிற பணத்தில்தான் ஓடுகின்றன.

கம்பம், சிவகாசி, துறையூர்: குடும்பத்தோடு ஒரே நேரத்தில் வந்தால் என்ன?

முதல் பதிலைப் படியுங்கள். மூன்று சனிக்கிழமை.

விளாத்திகுளம்: எந்த வேலையும் தெரியாது. முன்பணம் தந்தால் வரலாமா?

முன்பணம் வேண்டாம் என்று மேலே சொல்லிவிட்டேன், எத்தனை பேர் கேட்டாலும் இதே பதில்தான். வேலை தெரியாதவர்கள் டைலருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடி, ஹெல்பர், பேக்கிங்கில் சேரலாம். ஆனால் அந்தச் சம்பளத்தில் குடும்பத்தைக் கூட்டி வராதீர்கள். மதிய இடைவேளையில் காலியாக இருக்கும் மெஷினில் உட்கார்ந்து தைத்துப் பழகி, டைலரான பிறகு கூட்டி வாருங்கள்.

நாமக்கல்: மனைவி ஐந்து மாத கர்ப்பம். இ.எஸ்.ஐ. கிடைக்குமா?

இ.எஸ்.ஐ. என்பது தொழிலாளர் காப்பீடு. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு அது உண்டு, உங்கள் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிப்பார்கள். பதிவானதும் உங்களுக்கும் மனைவிக்கும் வைத்தியம் பார்க்கலாம். பேறுகால ஊதியம் வேறு விஷயம், அது சந்தா கட்டிய பெண் தொழிலாளிக்குத்தான். ஊரில் பிரசவத்துக்குப் பதிவு செய்திருப்பீர்கள், அந்த எண்ணையும் அங்கே பார்க்கும் செவிலியரையும் விட்டுவிட்டு இப்போது அவரை அலைக்கழிக்காதீர்கள். நீங்கள் மட்டும் வாருங்கள்.

ஈரோடு: அமெரிக்க வரிக்குப் பிறகு திருப்பூரை நம்பலாமா? எனக்கும் தம்பிக்கும் ஒரே கம்பெனியில் வேலை தருகிறார்கள்.

2025 ஆகஸ்டில் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா போட்ட வரி 50 சதவீதம் ஆனபோது அமெரிக்க ஆர்டரை மட்டும் நம்பியிருந்த இடங்களில் ஷிப்ட் குறைந்தது. அதற்கு முன்னால் 2011 ஜனவரியில் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது நூற்றுக்கணக்கான பட்டறைகள் ஒரே நேரத்தில் நின்றன, சாயம் நின்றதால் துணி வராமல் தையலும் தடுமாறியது. அந்த அடியிலிருந்து ஊர் எழுந்து நின்றது. ஆனால் நடுவில் வாடகை கட்ட முடியாமல் ஊர் திரும்பிய குடும்பங்கள் உண்டு. அதனால் வீட்டில் இரண்டு பேர் வேலைக்குப் போனால் ஒரே கம்பெனியில் போகாதீர்கள். ஒருவர் ஏற்றுமதிக் கம்பெனியில் இருந்தால் இன்னொருவர் உள்நாட்டு உருப்படி தைக்கும் இடத்தில் சேரட்டும். சேரும்போதே எந்த நாட்டு ஆர்டர் ஓடுகிறது என்று லைனில் இருப்பவர்களிடம் கேளுங்கள், சொல்வார்கள்.

ராஜபாளையம்: எந்த மாதம் வரலாம்?

தீபாவளிக்கு போனஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போகிறவர்கள் பலர் தாமதமாகத்தான் திரும்புவார்கள், கம்பெனி மாறுகிறவர்களும் அப்போதுதான் மாறுவார்கள். கோடைக்கால ஆர்டர் வேலையும் அப்போது நடக்கும். வேலை தேடுபவர் தீபாவளி முடிந்த வாரமே வந்துவிடலாம். குடும்பம் மே மாதம் வரட்டும்.