ஒரே வாத்தியத்தில் இரண்டு என்று கடைக்காரர் சொன்னால்?

கேள்வி: என் மகளுக்கு எட்டு வயது. பள்ளித் தோழி உகுலேலே வாசிப்பதைப் பார்த்து அவளும் கேட்கிறாள். கடைக்குப் போனால், "கிட்டலேலே வாங்குங்க மேடம், கிட்டாரும் ஆச்சு, உகுலேலேவும் ஆச்சு" என்கிறார்கள். கல்லூரி நாளில் கிட்டார் வாசித்த என் கணவருக்கும் ஆசை வந்துவிட்டது. பக்கத்துத் தெரு மாஸ்டரோ முதலிலேயே பெரிய கிட்டாராக வாங்கச் சொல்கிறார். எதை வாங்குவது?
– திருச்சியிலிருந்து ஒரு வாசகி

பதில்: உங்கள் மகள் கேட்டது உகுலேலே, நாலு தந்தி உள்ள குட்டி வாத்தியம். அதையே வாங்கிக் கொடுங்கள். கான்சர்ட் அளவு, கடையில் 23 அங்குலம் என்பார்கள்.

இத்தோடு முடித்துக்கொள்ளலாம். ஆனால் நீங்கள் மறுபடி அந்தக் கடைக்குப் போகும்போது அதே ஆள் அதே கிட்டலேலேவோடு நிற்பார். அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்லிவிடுகிறேன்.

கிட்டலேலே என்பது உகுலேலே அளவுக்குச் சுருங்கிய கிட்டார். ஆறு நைலான் தந்திகள், குட்டிக் கழுத்து. இங்கே அதிகம் பேசப்படும் யமஹா ஜிஎல்1 மாடலில் தந்தி அதிரும் நீளம் 433 மில்லிமீட்டர். முழு அளவு கிட்டாரில் அது சுமார் 650. கான்சர்ட்டைவிட ஓர் அளவு பெரியதான டெனர் உகுலேலேவிலும் ஏறக்குறைய 43 சென்டிமீட்டர்தான். அதனால் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்.

இவ்வளவு சின்னக் கழுத்தில் கிட்டாரின் ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ சுதியை வைத்தால் தந்தி தொய்ந்துவிடும். எனவே மொத்தத்தையும் மேலே ஏற்றி ஏ, டி, ஜி, சி, ஈ, ஏ என்று வைக்கிறார்கள். சாதாரண கிட்டாரில் ஐந்தாவது ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த கம்பி, வீணையின் மெட்டு மாதிரி) எல்லாத் தந்தியையும் சேர்த்து அழுத்தும் கேப்போ கிளிப்பை மாட்டினால் என்ன சுதி வருமோ அதேதான். உங்கள் கணவர் பழைய ஞாபகத்தில் 'சி' கார்டு (பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் பிடி) பிடித்தால் 'எஃப்' கேட்கும், 'ஜி' பிடித்தால் 'சி' வரும். தனியாக உட்கார்ந்து வாசிக்க இது ஒரு பிரச்சினையே இல்லை. நாலு பேரோடு சேர்ந்தால்தான் வம்பு.

இப்போது அந்த 'டூ இன் ஒன்' கதைக்கு வருகிறேன். கிட்டலேலேவின் கீழ் நான்கு தந்திகள் ஜி, சி, ஈ, ஏ. உகுலேலேவிலும் ஜி, சி, ஈ, ஏ. எழுத்துகள் ஒன்றுதானே என்று கடைக்காரர் இதைப் பிடித்துக்கொள்கிறார். எழுத்து ஒன்றுதான், ஆனால் உகுலேலேயின் 'ஜி' ஒரு ஸ்தாயி மேலே இருக்கிறது. தம்புராவில் பஞ்சமம், சாரணி, அனுசாரணி, கடைசியில் மந்தரம் என்று தந்திகள் படிப்படியாக ஏறாமல் போகின்றன அல்லவா, அதுபோல உகுலேலேயிலும் வரிசை ஏறுமாறாகத்தான் இருக்கும். அந்தத் துள்ளலான சத்தம் அங்கிருந்துதான் வருகிறது. கிட்டலேலேயில் அது வராது. உங்கள் மகள் தோழியிடம் கேட்டு ஆசைப்பட்டது அந்தச் சத்தத்துக்கு.

(உகுலேலேயிலும் 'ஜி'யைக் கீழே இறக்கிக் கட்டுபவர்கள் உண்டு. இன்னும் பெரிதான பாரிட்டோன் உகுலேலே கதை இன்னும் வேறு. எட்டு வயதுக்கு இரண்டும் வேண்டாம்.)

விரல் கணக்கையும் பாருங்கள். உகுலேலேயில் 'சி' கார்டுக்கு ஒரே ஒரு விரல் போதும், கடைசித் தந்தியில் மூன்றாவது ஃப்ரெட். கிட்டலேலேயில் அதே 'சி' ஆறு தந்தியும் ஒலிக்க வேண்டுமென்றால், கிட்டாரின் 'ஜி' பிடியைப் போட வேண்டும். மூன்று விரல் ஆறு தந்திக்கும் குறுக்கே விரிய வேண்டும். கழுத்தும் சுமார் ஒரு சென்டிமீட்டர் கூடுதல் அகலம். முதல் வாரமே பாட்டு வந்தால் குழந்தை இரண்டாம் வாரமும் வாத்தியத்தை எடுக்கும். வராவிட்டால் அது பீரோ மேல் போய்விடும்.

உகுலேலேயைக் 'கிட்டாருக்கு முந்தைய வகுப்பு' என்று பேசுவதும் எனக்கு எரிச்சல். 1879-இல் மடெய்ரா தீவிலிருந்து ஹவாய்க்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போன போர்த்துகீசியர்களோடு போன மச்சேத் என்ற குட்டி வாத்தியத்தின் வாரிசு அது. நாலு தந்தி அதன் குறையல்ல.

சரி, உங்கள் கணவர். அவருக்குக் கிட்டலேலே நல்ல பொருள்தான். ரயிலில் மடியில் வைத்து வாசிக்கலாம், தெரிந்த பிடிகள் எல்லாம் செல்லும். விரல் தடியாக இருந்தால் மட்டும் முதலில் வாசித்துப் பார்க்கட்டும். முதல் ஃப்ரெட்டின் அகலம் முழு கிட்டாரில் 36 மில்லிமீட்டர் என்றால் இதில் 24தான்.

ஆனால் அவரிடம் யாராவது, "சார், இதையே சாதாரண கிட்டார் சுதிக்கு இறக்கிக்கலாம்" என்று கண்டிப்பாகச் சொல்வார்கள். இதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதை நம்பி என்னிடம் வருபவர்களுக்குக் கணக்கில்லை. ஒரே தந்தி, ஒரே சுதி, நீளம் மட்டும் 650-லிருந்து 433 ஆகிறது என்று வையுங்கள். இழுவை பாதிக்கும் கீழே போய்விடும். விரல் வைத்ததும் சுதி விலகும், தந்தி ஃப்ரெட்டில் மோதி இரையும். 'ஏ' சுதிக்கு ஏற்றினால் அதே தந்தியில் கிட்டாரின் இழுவையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு கிடைக்கிறது. அதனால்தான் அந்தச் சுதி. கீழே இறக்கியே தீர வேண்டும் என்றால் தடித்த தந்திகள் தனியாகக் கிடைக்கின்றன. அவை உட்கார நட்டின் (கழுத்து நுனியில் தந்திகள் படியும் கட்டை) பள்ளத்தை அராவி அகலப்படுத்த வேண்டியிருக்கும். அப்புறமும் பேஸ் தந்தி மந்தமாகத்தான் பேசும். அகலப்படுத்திய பள்ளத்தில் பழைய மெல்லிய தந்தியைத் திரும்பக் கட்டினால் அது ஆடும், நட்டையே மாற்ற வேண்டும். பாட்டு வகுப்பில் எல்லோரோடும் சேர்ந்து வாசிக்கத்தான் இந்தப் பாடு என்றால், பேசாமல் முக்கால் அளவு நைலான் கிட்டார் வாங்கிவிடலாம்.

இதைவிட மோசமானது எஃகுத் தந்தி. "சவுண்டு கணீர்னு வரும்" என்று கடையிலேயே நைலானைக் கழற்றிவிட்டு மாட்டித் தருகிறார்கள். எஃகின் இழுவை நைலானைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். போன வருடம் ஒரு பையன் இரண்டு துண்டாகக் கிட்டலேலே கொண்டுவந்தான், உடம்பு தனி, தந்திகளைக் கட்டும் பிரிட்ஜ் தனி. விற்ற கடையில் கேட்டதற்கு வெயிலில் வைத்தாயா என்று அவனையே திட்டினார்களாம். உகுலேலேவுக்கும் இதே விதி, எஃகு கூடாது.

மாஸ்டர் விஷயம். உங்கள் மாஸ்டரைச் சொல்லவில்லை, ஆனால் "இந்தக் கடையில், இந்த மாடல்தான்" என்று சீட்டு எழுதிக் கொடுப்பவர்களுக்கு அந்தக் கடையில் கமிஷன் உண்டா என்று கேட்பதில் தப்பே இல்லை. அவர் சொல்லும் பெரிய கிட்டார் அனேகமாக பை, பெல்ட், பிக் எல்லாம் சேர்த்து 'காம்போ' என்று தள்ளப்படும் 38 அங்குல எஃகுத் தந்திக் கிட்டாராக இருக்கும். எட்டு வயது விரல் நுனி அதில் படும் பாட்டை நான் பார்த்திருக்கிறேன். கிரேடு தேர்வு என்பார். இசைத் தேர்வு நடத்தும் அமைப்புகளில் டிரினிட்டியில் கிளாசிக்கல் கிட்டாருக்கு கிரேடு உண்டு, ராக்ஸ்கூலில் உகுலேலேவுக்கே உண்டு. கிட்டலேலேவுக்கென்று ஒரு தேர்வை நான் பார்த்ததில்லை. அது போகட்டும், ஒரு பாட்டு முழுசாக வாசிக்கத் தெரிவதற்குள் குழந்தைக்கு ஏன் சான்றிதழ் என்று இந்த ஊரில் யாரும் கேட்பதில்லை. வகுப்பு நடத்துபவர்களும் கேட்பதில்லை, பெற்றோரும் கேட்பதில்லை.

கடையில் செய்ய வேண்டியது ஒன்றுதான். போனில் சுதியை முள் வைத்துக் காட்டும் ட்யூனர் செயலியை இறக்கிக்கொள்ளுங்கள், இலவசமாகவே கிடைக்கும். ஒவ்வொரு தந்தியையும் சும்மா மீட்டிச் சுதி சேர்த்த பிறகு, பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டுங்கள். அதே எழுத்து வர வேண்டும், முள் நடுவில் நிற்க வேண்டும். முதல் மூன்று ஃப்ரெட்டுகளிலும் அழுத்திப் பாருங்கள். முள் ஓடினால் வேறு எடுக்கச் சொல்லுங்கள். "புதுசுக்கு அப்படித்தான் இருக்கும், போகப் போக சரியாகும்" என்பார்கள். புது நைலான் ஒரு வாரம் இழுபடும், சும்மா மீட்டும் சுதி இறங்கிக்கொண்டே இருக்கும், அது உண்மை. ஆனால் சுதி சேர்த்த அடுத்த நிமிடமே பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் விலகினால் அது ஃப்ரெட்டோ பிரிட்ஜோ இடம் மாறி உட்கார்ந்த கோளாறு. எந்த வாரத்திலும் சரியாகாது.

கணவருக்கு இன்னும் ஆசை இருந்தால் கிட்டலேலேயை அவர் கணக்கில் தனியாக வாங்கிக்கொள்ளட்டும். மகளுடையதை அவர் எடுக்கக் கூடாது.