கோச்சின் பட்டியலில் உங்கள் மகனைப் போன்ற பையனைத் தேடுங்கள்

டெக்சாஸிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. கென்டக்கி பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்து கோச்சாக இருந்த ஜான் கேலிபாரி வீரர்களை வளர்த்தார் என்று அப்பாவும், ஏற்கெனவே வளர்ந்தவர்களைச் சேர்த்துக்கொண்டு பெயர் வாங்கினார் என்று மகனும் வீட்டில் போடும் சண்டை ஒன்று. பதினொன்றாம் வகுப்புப் பையனுக்கு மெசேஜ் அனுப்பும் மூன்று கல்லூரி கோச்சுகளில் யாரை நம்புவது என்ற உங்கள் கவலை இன்னொன்று. சண்டையைத் தள்ளிவிடாதீர்கள். உங்கள் கவலைக்கான வழி அதற்குள்தான் இருக்கிறது.

கேலிபாரி 2009 முதல் 2024 வரை கென்டக்கியில் இருந்தார். கல்லூரிகளுக்கான தேசியப் போட்டியில் நான்கு முறை கடைசி நான்கு அணிகளுக்குள் வந்தார், 2012-ல் கோப்பையும் வாங்கினார். தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ-வின் அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டுக்கு, பள்ளி முடித்த பையன் ஓராண்டு கழித்துத்தான் போகலாம் என்ற விதி 2005-ல் வந்தது. அந்த ஓராண்டைத் தன்னிடம் கழிக்கச் சொல்லி நாட்டின் தலைசிறந்த பையன்களை அழைத்தவர் இவர். 2010 டிராஃப்டில் ஒரே அணியிலிருந்து ஐந்து பேர் முதல் சுற்றில் போனார்கள். 2012-ல் முதல் இரண்டு இடங்களும் இவருடைய வீரர்களுக்கே: ஆந்தனி டேவிஸ், மைக்கேல் கிட்-கில்கிறிஸ்ட். ஆள் பிடிப்பதில் அவரை யாரும் குறை சொல்வதில்லை. 2015-ல் 38 ஆட்டங்களைத் தோல்வியே இல்லாமல் வென்றுவிட்டு விஸ்கான்சினிடம் தோற்றதையும், 2022-ல் செயின்ட் பீட்டர்ஸ், 2024-ல் ஓக்லண்ட் என்று சின்னக் கல்லூரிகளிடம் முதல் சுற்றிலேயே வீழ்ந்ததையும்தான் எதிர்த்தரப்பு எடுத்து வீசும்.

நம் ஊர் நீட் கோச்சிங் சென்டர்கள் வைக்கும் பேனர்களைப் பார்த்திருப்பீர்கள். ஸ்டேட் ஃபர்ஸ்ட் வாங்கிய பிள்ளையின் படம் பெரிதாக இருக்கும். அந்தப் பிள்ளை சேரும்போதே எத்தனை மார்க் வைத்திருந்தது என்று எழுதியிருக்காது. என்பிஏ டிராஃப்ட் பட்டியலும் அப்படித்தான். டெவின் புக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். 2014-15-ல் கென்டக்கியில் ஓர் ஆட்டத்தில்கூட அவர் முதல் ஐந்தில் இறங்கவில்லை, பெஞ்சிலிருந்துதான் வந்தார். டிராஃப்டில் 13-வது இடம், பிறகு பெரிய நட்சத்திரம். இதை வைத்தே ஒருவர் 'பாருங்கள், பெஞ்சில் இருந்தவனையும் தயார்செய்து அனுப்பினார்' என்பார். இன்னொருவர் 'கையில் இருந்த வைரத்தைக் கண்டுகொள்ளவில்லை' என்பார். இந்த வாதம் முடியாது. முடியவும் வேண்டாம்.

வளர்ச்சிக்குச் சாட்சி வேண்டுமென்றால் கேலிபாரியிடம் கென்டக்கியில் ஆடிய இம்மானுவல் குவிக்லியையும் நிக் ரிச்சர்ட்ஸையும் சொல்வேன். குவிக்லி முதல் ஆண்டில் ஆட்டத்துக்குச் சராசரியாக 5.2 புள்ளி, இரண்டாம் ஆண்டில் 16.1. ரிச்சர்ட்ஸ் முதல் இரண்டு ஆண்டுகள் தடுமாறி, மூன்றாவது ஆண்டில் 14 புள்ளிக்கு வந்தார். இருவரும் தங்கி வளர்ந்தவர்கள். ஆகவே உங்கள் கணவர் பக்கமும் நியாயம் உண்டு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: இவர்கள்கூடப் பள்ளியிலேயே நாடறிந்த பெயர்கள். ஆறடி இரண்டு அங்குலம், நல்ல ஷூட்டர், எந்த ரேங்கிங்கிலும் இல்லாத உங்கள் மகனுக்கு இவர்கள் கதை பொருந்தாது.

பொருந்தும் கதை எதிரணியில் இருக்கிறது. 2024-ல் கென்டக்கியைச் சாய்த்த ஓக்லண்டின் ஜாக் கோல்கி அன்று மூன்று-புள்ளி ஷாட் மட்டும் 10 போட்டார், மொத்தம் 32 புள்ளி. அதற்கு முன்பு அவர் ஆடியது ஹில்ஸ்டேல் என்ற டிவிஷன் 2 கல்லூரியில், அதாவது கல்லூரி விளையாட்டின் இரண்டாம் நிலையில். தூரத்திலிருந்து எறிவதுதான் அவருடைய ஆட்டம். அதை வைத்து அவருக்கு ஓர் இடம் கொடுத்த ஓக்லண்ட் கோச் கிரெக் கேம்பி 1984-லிருந்து அதே கல்லூரியில் இருப்பவர்.

சரி, இப்போது வேலை. அந்த மூன்று கல்லூரிகளின் இணையதளங்களிலும் பழைய ஆண்டு அணிப் பட்டியல்கள் கிடைக்கும். ஐந்து ஆண்டுப் பட்டியலை மகனோடு உட்கார்ந்து பாருங்கள். நட்சத்திரத்தை விடுங்கள். மகனின் உயரத்தில், அதே இடத்தில் ஆட வந்த, பெரிய பெயர் இல்லாத பையன்கள் யார்? முதல் ஆண்டில் எத்தனை நிமிடம் ஆடினார்கள், மூன்றாம் ஆண்டில் எத்தனை? பாதியில் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் (கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் பட்டியல்) வழியாக வேறு கல்லூரிக்குப் போனவர்கள் எத்தனை பேர், பட்டம் வாங்கியவர்கள் எத்தனை பேர்? எந்த ரசிகர் விவாதத்தைவிடவும் இந்தப் பட்டியல் கோச்சைப் பற்றி அதிகம் சொல்லும்.

கோச் போய்விட்டாலும் அந்தக் கல்லூரி மகனுக்குப் பிடிக்குமா என்பதையும் இப்போதே கேளுங்கள். கேலிபாரி 2024 ஏப்ரலில் அர்கன்ஸா பல்கலைக்கழகத்துக்கு மாறியதும் கென்டக்கி அணி ஏறக்குறைய முழுக்கவே கலைந்தது. சிலர் அவர் பின்னாலேயே போனார்கள், வருவதாக ஒப்புக்கொண்டிருந்த பள்ளிப் பையன்கள் சிலரும் அங்கேயே திரும்பினார்கள். அவர்களை எந்தக் கல்லூரியும் வாங்கிக்கொள்ளும். உங்கள் மகனுக்கு அந்த வசதி இருக்காது. கூடைப்பந்து இல்லாமலும் அங்கே இன்ஜினியரிங் படிக்க அவன் ஒப்புக்கொள்வான் என்றால் மட்டும் அந்தக் கல்லூரியைப் பட்டியலில் வையுங்கள்.

பண விஷயம். மூன்றில் ஒன்று டிவிஷன் 3 என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே விளையாட்டுக்கு ஸ்காலர்ஷிப் கிடையாது. கோச் 'பேக்கேஜ்' என்று சொன்னால் அது மதிப்பெண்ணுக்கோ குடும்ப வருமானத்துக்கோ தரும் உதவி. மற்ற இரண்டிலும் ஸ்காலர்ஷிப்பா, வாக்-ஆன் இடமா (ஸ்காலர்ஷிப் இல்லாமல் அணியில் சேரும் இடம்) என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பள்ளியில் ஆடும் பையன்களில் டிவிஷன் 1-க்குப் போவது நூற்றுக்கு ஏறக்குறைய ஒருவர்தான். வாக்-ஆன் என்றாலும் கேவலம் இல்லை, ஆனால் அதற்கு ஸ்காலர்ஷிப் கணக்குப் போட்டு வீட்டுக்கடனைத் திட்டமிடக் கூடாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கணவர் ஹெச்-1பி வேலை விசாவில், மகன் அவரைச் சார்ந்த ஹெச்-4 விசாவில். 2021 ஜூலையிலிருந்து கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். ஆனால் அது கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்சிஏஏ தந்த அனுமதி, குடியேற்றத் துறை தந்தது அல்ல. ஹெச்-4 பையனுக்கு வேலை அனுமதி இல்லை, 21 வயதில் மாணவர் விசாவான எஃப்-1-க்கு மாறினாலும் கட்டுப்பாடு தொடரும். கென்டக்கியில் ஆடிய காங்கோ நாட்டு வீரர் ஆஸ்கர் ஷீப்வே, நாட்டின் சிறந்த வீரர் விருது வாங்கிய பிறகும், அணி பஹாமாஸ் போன சமயத்தில் அமெரிக்காவுக்கு வெளியே வைத்துத்தான் சில விளம்பர ஒப்பந்த வேலைகளை முடித்தார். உள்ளூர் ரெஸ்டாரன்ட் ஒன்று ஐநூறு டாலர் தருகிறேன் என்றாலும், குடியேற்ற வக்கீலிடம் கேட்காமல் மகன் கையெழுத்துப் போட வேண்டாம்.

அப்புறம், டிவிஷன் 1-க்கு என்சிஏஏ கேட்கும் 16 அடிப்படைப் பாடங்கள் முடிகின்றனவா என்று பள்ளி கவுன்சிலரிடம் இந்த மாதமே பாருங்கள். ஜிபிஏ உங்கள் மகனுக்குப் பிரச்சினை இல்லை. பட்டியல் பார்த்து முடித்ததும் மூன்று கோச்சுகளுக்கும் ஒரே கேள்வி போகட்டும்: 'என் இடத்தில் இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்களில் யார் எப்போது முடித்துப் போகிறார்கள்?' அந்த மெசேஜை அப்பா எழுத வேண்டாம், மகனே எழுதட்டும்.